பாதியில் விட்ட சட்டி

கஷோயெய்ரா
30 ஜூன் 1986

தமியானா,

நான்தான், கோஸ்மா. உறையின் மேலிருக்கும் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நாலு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எதிர்வீட்டு அனீசியோ வாயைத் திறந்ததால்தான் எழுதுகிறேன். அருளப்பர் திருநாளுக்கு சாவ் பாவ்லோவிலிருந்து வந்திருக்கிறான். வாசலில் நெருப்பு மூட்டி எல்லாரும் சோளம் சுட்டுக்கொண்டிருந்தோம். "ஒங்க நொயெமிக்கு ரெட்டையாமே, தெரியாதா?" என்கிறான், தெருவே கேட்க. என் தங்கை மகள் வயிற்றில் இரட்டை என்பதை அனீசியோ சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். "அதெல்லாம் எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

சந்தோஷம்தான். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பாள்.

ஆனால் இரட்டை என்றால் சும்மா இருந்துவிட முடியாது, உனக்கே தெரியும். நாம் பிறந்தபோது நான் வீறிட்டு அழுதேனாம், நீ நீலம் பாரித்துக் கிடந்தாயாம். அம்மா நம் இரட்டைப் புனிதர்களிடம் நேர்ந்துகொண்டாள். இரண்டும் பிழைத்தால் அவர்கள் பெயரையே வைக்கிறேன், ஒவ்வொரு செப்டம்பர் 27ஆம் தேதியும் ஏழு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தேங்காய் இனிப்பு, கொக்காடா, செய்து போடுகிறேன், வளர்ந்த பிறகு பெண்கள் இருவரும் சேர்ந்து செய்வார்கள் என்று. நீ பிழைத்தாய். நொயெமியின் பிள்ளைகளுக்கும் யாராவது நேர்ந்துகொள்ள வேண்டாமா? நீ சேர்ந்திருக்கும் சபையில் அது ஆகாது, சரி. நான் நேர்ந்துகொள்ளட்டுமா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

உன் புருஷன் ஜெர்சனை விசாரித்ததாகச் சொல். சொல்லாவிட்டாலும் குறைந்து போய்விடமாட்டேன்.

கோஸ்மா


ஒசாஸ்கோ
14 ஜூலை 1986

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் என்னிடம் இருப்பதில் பத்திரமான இடம் அதுதான்.

நொயெமி நன்றாக இருக்கிறாள். கால் மட்டும் வீங்குகிறது. இரட்டை என்பதால் நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் சபையில் எல்லாரும் அவளுக்காக ஜெபம் செய்கிறோம். ஜெர்சன் வெளியே காட்டிக்கொள்வதில்லை, ஆனால் தொட்டில் ஒன்று செய்து முடித்துவிட்டு இரண்டாவதற்குப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

நேர்ச்சை வேண்டாம், அக்கா. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே, கெஞ்சித்தான் கேட்கிறேன். நான் கடவுளிடம் கேட்டுவிட்டேன், எனக்கு அது போதும்.

இதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். முடித்து மடித்தும் வைத்தேன். பிறகு பிரித்துவிட்டேன்.

நொயெமிக்கு மசக்கை இன்னும் விடவில்லை. கொக்காடா வேண்டும் என்கிறாள், அதுவும் "பெரியம்மா வீட்டுக் கொக்காடா". ஜெர்சன் கடையிலிருந்து வாங்கி வந்தார். இந்த ஊரில் எதை எடுத்தாலும் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிவிடுகிறார்கள். ஒரு கடி கடித்துவிட்டு, "இது சோப்பும்மா" என்று துப்பிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் குழந்தை வாயைத் திறந்தபடி பிறக்கும் என்று அம்மா சொல்வாளே. அது பைபிளில் இல்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஜெர்சனிடம் சொல்லவில்லை.

தேங்காய் துருவுகிறவரை எனக்குத் தெரியும். அடுப்பு எப்போதும் உன்னுடையது. ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறோம். நீ "வாடி, போடு" என்று கூப்பிடுகிறவரை சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தப் பாதியை எழுதி அனுப்புவாயா?

தமியானா


கஷோயெய்ரா
26 ஜூலை 1986

அடி விசுவாசி,

சத்தமாகச் சிரித்துவிட்டேன். நேர்ச்சை ஆகாது, கொக்காடா மட்டும் ஆகுமா? எழுதமாட்டேன் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் நொயெமி துப்பினாள் என்று எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. அவள் என் வீட்டுப் பிள்ளை, அதில் சந்தேகமில்லை. சொல்கிறேன், கேள்.

அடி கனமான பாத்திரமாக எடு. செப்புச் சட்டி என்னிடம்தான் இருக்கிறது, அதற்கு ஆசைப்படாதே. துருவல் எத்தனை கிண்ணமோ அதில் முக்கால் அளவு சர்க்கரை. உடைத்த தேங்காயின் தண்ணீரையே ஊற்றிப் பாகு காய்ச்சு. விரலால் தொட்டு இழுத்தால் கம்பி நிற்க வேண்டும். அறுந்தால் பொறு. நின்றதும் துருவலைப் போடு, மூன்று கிராம்பு போடு, எலுமிச்சைத் தோலில் ஒரு சுருள். அதற்குப் பிறகு கரண்டியைக் கீழே வைக்காதே, இன்னொருத்தி கையிலும் கொடுக்காதே. ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும். கை மாறினால் இனிப்பு திரிந்துவிடும், இது உன் பைபிளில் இல்லாவிட்டாலும் உண்மை. கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்து மூடும். இறக்கிவிடு.

இனிமேல்தான் விஷயமே. இறக்கி வைத்து அடிக்க வேண்டும். பளபளவென்று இருப்பது மெல்ல மங்கும். மங்கியதும் ஈரப் பலகையில் கரண்டி கரண்டியாகப் போட்டுவிட வேண்டும், அது உனக்காகக் காத்திருக்காது. நான் அடித்துக்கொண்டே இருப்பேன், நீ போட்டுக்கொண்டே போவாய், நினைவிருக்கிறதா? அங்கே யாரைக் கூட வைத்துக்கொள்வாயோ எனக்குத் தெரியாது.

இங்கே என் கூட யாரும் இல்லை. நேர்ச்சைச் சட்டியில் வேற்றுக் கை படக்கூடாது. நீ போன பிறகு, ஒவ்வொரு வருஷமும் நான் பத்துத் துண்டு போடுவதற்குள் மீதி சட்டியோடு கல்லாகிவிடுகிறது. கத்தியால் பெயர்க்கிறேன். தேங்காயும் சரியில்லை. ஒலிந்தா கடையில் மிஷினில் அரைத்து விற்கிறாள், அதை வாங்கினால் ஈர மணல் மாதிரி ஆகிறது. ஏழு பிள்ளைகளும் மரியாதைக்கு ஒரு கடி கடித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். போன வருஷம் ஒருத்தன் அதை வைத்து மாங்காய் அடித்தான், என் கண்ணால் பார்த்தேன்.

நீதான் பாதிச் சட்டியில் விட்டுவிட்டுப் போனாய். அதனால் உன் பாதியை நீ எழுது. தேங்காயை எப்படிப் பார்த்து வாங்குவது?

நேர்ச்சை வேண்டாம் என்றாய். இப்போதைக்குச் சரி.

கோஸ்மா


ஒசாஸ்கோ
12 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

செய்தேன். கம்பி நின்றது, அடி தெரிந்து மூடியது, எல்லாம் நீ சொன்னபடிதான். அடிக்கும்போது நொயெமி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "நான் கிண்டுறேன், குடும்மா" என்று கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி கையைத் தட்டிவிட மனசு வரவில்லை. அதற்குள் கல்லாகிவிட்டது. பெயர்த்துக் கொடுத்தேன். "வாசனை அதேதான், பல்லுதான் போயிரும்" என்று சொல்லிவிட்டு வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டாள், பாவம்.

தேங்காய் விஷயம். காதருகே வைத்து ஆட்டு. தண்ணீர் தளும்ப வேண்டும், ஆனால் நிறைய இருக்கக்கூடாது. நிறைய இருந்தால் இளசு. விரல் முட்டியால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். கண் மூன்றும் காய்ந்திருக்கிறதா பார், ஈரமாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். உடைத்த மூடியைத் தணலில் கொஞ்சம் காட்டினால் ஓட்டைவிட்டு முழுசாக வந்துவிடும். பழுப்புத் தோலைக் கத்தியால் சீவு. தகரத் துருவியின் பெரிய பல்லில், மேலிருந்து கீழாக ஒரே போக்கில் துருவு. முன்னும் பின்னும் தேய்த்தால் பொடியாகிவிடும். பொடியானால் பால் கசிந்து, நீ சொன்ன ஈர மணல்தான். மிஷின் துருவலை இனி வாங்காதே.

பாதிச் சட்டியில் விட்டுப் போனவள் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை. ஆனால் அன்றைக்கு நடந்ததில் நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய், அக்கா.

முதல் ஏழு துண்டைத் தட்டில் வைத்துப் புனிதர்களின் சுரூபத்தின் முன்னால் கொண்டுபோய் வைப்பது எப்போதும் என் வேலை. அந்த வருஷம் என்னால் முடியாது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், நீ மட்டும் கேட்கிற மாதிரி. நீ கரண்டியை ஓங்கிக்கொண்டு அத்தனை பிள்ளைகள் முன்னால் என்ன கேட்டாய்? "நீ பொழச்சதே அவங்க போட்ட பிச்சைடி. வாங்கிட்டு ஓடிறலாம்னு பாக்கறியா?" என்று கேட்டாய்.

சின்ன வயசிலிருந்து நான் இதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தேன். காய்ச்சல் வந்தால், பரீட்சையில் தோற்றால், கல்யாணம் தள்ளிப்போனால், எல்லாவற்றுக்கும் "நேர்ச்சைப் பிள்ளை" என்பார்கள். நீ பிறந்தாய், நான் வாங்கப்பட்டேன். மூச்சு விடுவதற்குக்கூட யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். சபைக்குப் போன முதல் நாள் பாஸ்டர், "எல்லாம் இலவசமாகத் தரப்பட்டது" என்று படித்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். ஜெர்சனுக்காகச் சபைக்குப் போனேன் என்று ஊரே நினைக்கிறது. நான் இதற்காகத்தான் போனேன். யாரிடமும் சொன்னதில்லை.

தமியானா


கஷோயெய்ரா
24 ஆகஸ்ட் 1986

தமியானா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. சண்டை போட்டால் அடுத்த வேளைக்கு உனக்குப் பிடித்ததைச் சமைப்பேன், நீ சாப்பிடுவாய், முடிந்தது. நாலு வருஷமாக அடுத்த வேளை வரவே இல்லை.

அந்த வார்த்தையை நான் சொன்னேன். சொன்னது நினைவில் இருந்தது, அது எங்கே போய்த் தைத்தது என்பது தெரியாது. நீ எழுதிய பிறகுதான் தெரிகிறது. நீ நீலமாகக் கிடந்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். உன்னை மட்டம் தட்ட இல்லை, சத்தியமாக. நீ போயிருந்தால் நான் ஒற்றையாகியிருப்பேன் என்கிற பயத்தில் சொல்வது. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

நீ சொன்னபடி ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கண்ணைப் பார்த்து நாலு தேங்காய் வாங்கினேன். "என்ன டாக்டரம்மா, காச்சலா அதுக்கு?" என்று ஒலிந்தா கேலி பண்ணினாள். துருவினேன், விரலையும் சேர்த்து. கொக்காடா வெள்ளையாக, இழை இழையாக வந்தது, தமியானா. பாதிதான் பலகைக்கு வந்தது, மீதியைப் பெயர்த்தேன். பெயர்த்ததை நான் வைத்துக்கொண்டேன். நல்லதை அனீசியோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை சாவ் பாவ்லோவுக்குக் கிளம்புகிறான். வழியில் தின்றால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், ஆனாலும் எண்ணிப் பார்.

நேர்ச்சைக்கு இல்லை. நொயெமிக்கு.

கோஸ்மா


ஒசாஸ்கோ
6 செப்டம்பர் 1986

அக்கா,

அனீசியோ கொடுத்தார். டப்பாவைத் திறந்ததும் நொயெமி ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை விடிகாலையில் வலி கண்டுவிட்டது.

இரண்டும் பெண். முதலில் வந்தவள் எஸ்தர், சின்னவள்தான், ஆனால் சத்தம் பெரியது. உன்னைப் போல. இரண்டாவதாக வந்தவள் ரூத். அவள் அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கிறாள். தானாக மூச்சு விட மறந்துபோகிறாள் என்று டாக்டர் சொல்கிறார். நர்ஸ் பாதத்தைச் சுண்டினால் விடுகிறாள், பிறகு மறுபடி மறந்துவிடுகிறாள்.

நொயெமி கண்ணாடியைத் தொட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். ஜெர்சன் இரண்டாவது தொட்டிலுக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறார், நிறுத்தமாட்டேன் என்கிறார். நான் ஜெபம் செய்கிறேன், பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறது.

நீ முதலில் கேட்டாயே, அதைச் செய் என்று நான் எழுதவில்லை, அக்கா. வேண்டாம் என்றும் இந்தத் தடவை எழுதவில்லை.

தமியானா


கஷோயெய்ரா
11 செப்டம்பர் 1986

என் தமியானா,

உன் கடிதம் காலையில் வந்தது. கடைசி வரியைப் படித்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து போய்ச் சுரூபத்தின் முன்னால் நின்றேன். மெழுகுவத்தி ஏற்றினேன். இதுக்குத்தானே ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தேன்.

"இந்தப் புள்ள பொழச்சா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

பிழைத்தால் இது, பிழைத்தால் அது என்று நான் சொல்லி வைத்துவிட்டால், நாளைக்கு ரூத் பெரியவளாவாள். அவள் எதையாவது முடியாது என்று சொல்லும்போது, என்னை மாதிரி ஒருத்தி கரண்டியை ஓங்கிக்கொண்டு கேட்பாள், நீ பிழைத்ததே என்று. அந்த ஒருத்தி எஸ்தராகக்கூட இருக்கலாம். அவளும் பயத்தில்தான் கேட்பாள். ஆனால் கேட்டுவிடுவாள்.

அதனால் நான் புனிதர்களிடம் இப்படிச் சொன்னேன்: "ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. நான் ஒண்ணும் தரப்போறதில்ல. அந்தப் புள்ளையும் ஒண்ணும் தரமாட்டா. அம்பத்திரண்டு வருஷமா எங்க வீட்டுல வாங்கித் தின்னிருக்கீங்க. ஒரு தடவ சும்மா செய்ங்க." மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டேன், அதைக்கூடக் கணக்கில் வைக்க வேண்டாம் என்று. அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ரூத்துக்காக மட்டும் அழவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். 27ஆம் தேதி இந்த வருஷம் இங்கே சட்டி ஏறாது, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மாங்காய் அடித்தவன் சந்தோஷப்பட்டான். அம்மாவின் நேர்ச்சையை முதல் தடவையாகத் தவறவிடுகிறேன். புனிதர்களுக்குக் கோபம் வந்தால் என்னிடம் பேசிக்கொள்ளட்டும், உன் பக்கம் வரமாட்டார்கள்.

ஜெர்சனிடம் சொல்லிவை, சுரூபம் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று. சட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

கோஸ்மா


ஒசாஸ்கோ
19 அக்டோபர் 1986

அன்புள்ள அக்கா,

நீ ஏறிய பஸ் திரும்பி மறைகிறவரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். சன்னல் பக்கம் உன் தலைக்குப் பதில் சட்டிதான் தெரிந்தது.

ரூத் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு விட மறப்பதில்லை. பால் குடிக்கிறாள், சத்தம் போடவும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஜெர்சன் இரண்டு தொட்டிலையும் ஒட்டிப் போட்டிருக்கிறார். ஒருத்தி அழுதால் மற்றவளும் அழுகிறாள், இவருக்கு அது ஒரு சந்தோஷம்.

27ஆம் தேதி நாம் செய்ததை நான் யாரிடமும் மறைக்கவில்லை. நான் துருவினேன், நீ கிண்டினாய், "வாடி, போடு" என்று நீ கூப்பிட்டதும் ஈரப் பலகையோடு வந்து நின்றேன். அத்தனையும் பலகைக்கு வந்தது, ஒரு துண்டுகூடச் சட்டியில் நிற்கவில்லை. ஜெர்சன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தானே தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாரே, அதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஃபிரிட்ஜ் மேலே, பழைய மாவு டப்பாவுக்குப் பின்னால், கிண்ணத்தைக் கவிழ்த்து நீ ஏழு துண்டு ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். சும்மா செய்யச் சொல்லிவிட்டு உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் எடுக்கவில்லை. ஜெர்சனும் பார்த்துவிட்டார். "என்ன இது?" என்றார். "எறும்புக்கு" என்றேன். "எறும்பு சரியா ஏழுதான் கேக்குமா?" என்றார். கிண்ணத்தை மறுபடி சரியாக மூடிவிட்டுப் போனார்.

நேற்று ரூத்தைக் குளிப்பாட்டும்போது நொயெமி கேட்டாள்: "இவ பெரியவளானா எப்படிப் பொழச்சேன்னு கேப்பாளே, என்னம்மா சொல்றது?" உன் செப்டம்பர் மாதக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பெட்டிக்குள்ள தானா மூச்சு விட்டான்னு சொல்லு. யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லன்னு சொல்லு" என்றேன்.

அக்கா, அன்றைக்கு நீ சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதது ரூத்துக்காக மட்டுமில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் சொல்ல நினைத்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். என் மேலிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

அடுத்த வருஷம் 27ஆம் தேதிக்கு நான் வருகிறேன். நேர்ச்சைக்கு இல்லை, உனக்காக. தட்டைச் சுரூபத்திடம் நீயே கொண்டுபோ, நான் சமையலறையில் நிற்பேன். சட்டியை விட்டுப் போகமாட்டேன்.

தமியானா


கஷோயெய்ரா
5 செப்டம்பர் 1987

தமியானா,

டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அனீசியோ சொன்னான். இந்தத் தடவையும் அவன் வாயால்தான், ஆனால் மறுநாளே உன் கடிதமும் வந்துவிட்டதால் மன்னித்துவிட்டேன்.

சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. பலகை தயார். இந்த வருஷம் ஐந்து பிள்ளைகளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். மீதி இரண்டு இடத்தில் எஸ்தரையும் ரூத்தையும் நீ உட்காரவைத்தாலும் சரி, காலியாக விட்டாலும் சரி. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

எலுமிச்சை இருக்கிறது, கிராம்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. தேங்காய் மட்டும் வாங்கவில்லை. ஒலிந்தா தினமும் கேட்கிறாள். "தட்டிப் பாக்கறவ வர்றா, பொறு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோஸ்மா